துருப்பிடித்த பழைய பைக்கை மீட்டெடுப்பது: கழற்றுவதற்கு முன்பிருந்து காட்சித் திடல் வரை

பழைய பைக் விற்கிறவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வரி உண்டு: "பாதி வேலை முடிஞ்சிருச்சு, மீதியெல்லாம் பெட்டியில இருக்கு." போய்ப் பார்த்தால் ஒரு ஃபிரேம், நாலு அட்டைப்பெட்டி, பழைய போர்வையில் சுற்றிய எஞ்சின், அப்புறம் பளபளவென்று புது பெயின்ட் அடித்த ஒரு டேங்க். அந்த ஆள் சோம்பேறி இல்லை. ஒரு சனிக்கிழமை காலையில் உற்சாகமாக ஆரம்பித்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார், ஒரு மாதம் கழித்து எந்த வாஷர் எங்கே இருந்தது என்று தெரியவில்லை, ஒரு முக்கியமான பாகம் கிடைக்கவில்லை, அதோடு நின்றுவிட்டது. நானும் ஒரு பைக்கை மூன்று வருடம் அப்படிப் பெட்டியில் வைத்திருந்தவன்தான். அதனால் இந்த வழிகாட்டியில் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதற்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன். பெயின்ட், குரோம் பற்றிப் படிக்க வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: இது என்ன பைக்காக ஆகப் போகிறது?

மூன்று வழி இருக்கிறது. இருக்கிற நிலையிலேயே பாதுகாத்து ஓட வைப்பது ஒன்று. தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளில் இருந்தது போலத் திருப்பிக் கொண்டுவருவது இன்னொன்று. மூன்றாவது, உங்கள் விருப்பப்படி மாற்றிக் கட்டுவது. இதை முதல் நாளே முடிவு செய்யாமல் நடுவில் மாற்றினால் காசும் போகும், பைக்கும் இரண்டும் கெட்டானாக நிற்கும். நான் பார்த்த மோசமான பைக்குகள் எல்லாமே ஒரிஜினலாக ஆரம்பித்துப் பாதியில் கஃபே ரேசராக (வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பைக்) மாறியவை, அல்லது அதற்கு நேர்மாறாகப் போனவை.

பழைய பெயின்ட் கொஞ்சம் மங்கியிருந்தாலும் அது தொழிற்சாலை பெயின்ட் என்றால் கை வைக்கும் முன் பத்து தடவை யோசியுங்கள். ஒருமுறை உரசி எடுத்துவிட்டால் அந்தப் பெயின்ட் திரும்ப வரவே வராது, எவ்வளவு நல்ல கைகாரர் அடித்தாலும் அது இன்றைய பெயின்ட்தான். 2016-ல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டில் போன்ஹாம்ஸ் நிறுவனத்தின் ஏலத்துக்கு எட்டு பிரஃப் சுப்பீரியர் (விலை உயர்ந்த பழைய பிரிட்டிஷ் வண்டி) பைக்குகள் வந்தன. கார்ன்வாலில் போட்மின் மூர் பக்கம் கொட்டகைகளில் பல பத்தாண்டுகள் துருவேறிக் கிடந்தவை, சிலது துண்டு துண்டாகவே இருந்தன. யாரும் துடைத்துக்கூட வைக்கவில்லை, அப்படியே விற்றார்கள், போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். உங்கள் பைக் பிரஃப் இல்லைதான், ஆனாலும் கை படாத பைக்குக்கு மதிப்பு உண்டு என்பது எல்லா பைக்குக்கும் பொருந்தும்.

மாற்றிக் கட்டத்தான் ஆசை என்றால் அதில் தப்பே இல்லை, ஆனால் அதற்கு முழுசாக இருக்கிற பைக்கை வெட்டாதீர்கள். ஏற்கெனவே டேங்க் இல்லாத, எஞ்சின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் ஒத்துப்போகாத, யாரோ அறுத்துவைத்த பைக் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அதுதான் நல்ல அடித்தளம்.

இரண்டாம் படி: வாங்கும்போது

முதல் பைக் என்றால் பாகங்கள் கிடைக்கிற மாடலாக எடுங்கள். ராயல் என்ஃபீல்டு புல்லட், ட்ரையம்ப், பிஎஸ்ஏ ட்வின்கள் (இரட்டைச் சிலிண்டர் வண்டிகள்), எழுபதுகளின் ஹோண்டா சிபி வரிசை, இவற்றுக்கெல்லாம் கேஸ்கட்டிலிருந்து மட்கார்டு வரைக்கும் புதிதாகவே செய்கிறார்கள். வேறு யாரிடமும் இல்லாத பைக் என்று பெருமையாக வாங்கினால், வேறு யாரிடமும் இல்லாத பாகத்தை லேத்தில் கடைந்துதான் செய்ய வேண்டியிருக்கும்.

எஞ்சின் ஓடவில்லை என்பது பெரிய விஷயமே இல்லை. எஞ்சின் வேலை தெரிந்த வேலை, வழி உண்டு. பயப்பட வேண்டியது காணாமல் போன சின்னப் பாகங்களுக்குத்தான்: டூல் பாக்ஸ் மூடி, அந்த வருடத்துக்கே உரிய சுவிட்சு, ஸ்பீடோமீட்டர், செயின் கவர், பேட்ஜ். ஒவ்வொன்றாகத் தேடும்போது எஞ்சின் செலவைத் தாண்டிவிடும். பாகப் புத்தகத்தின் நகலை முன்னாலேயே வாங்கி வைத்துக்கொண்டு, பைக் பக்கத்தில் நின்று படம் பார்த்து எது இருக்கிறது எது இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள், விற்கிறவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

ஃபிரேம் எண், எஞ்சின் எண், ஆவணம் மூன்றையும் ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடத்தைச் சுற்றி அரம் போட்ட தடம், வெல்டிங், எழுத்துகள் கோணலாக நிற்பது, இவை தெரிந்தால் விலகிவிடலாம். பின்னால் நின்று பார்த்து இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங் தலைக்குக் கீழே இருக்கும் குழாயின் அடிப்புறத்தை விரலால் தடவுங்கள். நேராக மோதிய பைக்கில் அங்கே பெயின்ட் சுருங்கி மெல்லிய மடிப்பு தெரியும். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி டேங்க் முழுக்க நகர்த்துங்கள், பிடிக்காத இடத்தில் பட்டி இருக்கிறது.

மூன்றாம் படி: கழற்றாதீர்கள், முதலில் ஓட வைத்துப் பாருங்கள்

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. பைக் வீட்டுக்கு வந்ததும் முடிந்தால் அதை அப்படியே, அழுக்கோடு, ஒருமுறை ஸ்டார்ட் பண்ணப் பாருங்கள். ஓடினால் கியர் எல்லாம் விழுகிறதா, எங்கே சத்தம், எங்கே ஒழுகல், எந்தக் குழாயில் நீலப்புகை என்று ஒரு பட்டியல் கிடைக்கும். கழற்றிய பிறகு எஞ்சின் உங்களிடம் எதையும் சொல்லாது.

ஆனால் நெடுநாள் நின்ற வண்டியை வந்ததும் உதைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி உள்ளே கொஞ்சம் டீசலும் ஆயிலும் கலந்து விடுங்கள், ஒரு நாள் ஊறட்டும். அப்புறம் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். பிஸ்டன் ஜாமாகி நின்றால் இரண்டு வாரம்கூட ஊறவிட்டு, தினமும் லேசாக ஆட்டிப் பாருங்கள். கிக்கரில் ஏறிக் குதித்தால் கிக்கர் பல்தான் உடையும். பழைய ஆயிலை இறக்கி அதில் உலோகத் துகள் மின்னுகிறதா என்று வெயிலில் பாருங்கள். ஆயில் டேங்க் தனியாக இருக்கும் பிரிட்டிஷ் பைக் என்றால் அத்தனை ஆயிலும் நாளடைவில் பம்பு வழியாகக் கசிந்து கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கும். கீழே இருக்கும் பிளக்கைத் திறந்து வடிக்காமல் உதைத்தால் எங்காவது சீல் வழியாகப் பீய்ச்சும்.

அடுத்தது பொறி. பொறிக்கான மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயின்டின் முகத்தில் வெள்ளை பூத்திருக்கும், மெல்லிய எமரியால் தேய்த்து, ஸ்பிரிட்டில் நனைத்த அட்டையை நடுவில் விட்டு இழுங்கள். இடைவெளி காயில் வண்டிகளில் பொதுவாக 0.35 முதல் 0.40 மி.மீ., லூகாஸ் மேக்னெட்டோவில் (பேட்டரி இல்லாமல் தானே பொறி உண்டாக்கும் கருவி) 0.30 மி.மீ. சுற்று. பொறி நீலமாகச் சொடுக்க வேண்டும், மஞ்சளாக நூல் மாதிரி வந்தால் கண்டன்சரைச் சந்தேகியுங்கள். குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஸ்டார்ட் ஆகி, சூடானதும் நின்று, அரை மணி நேரம் கழித்து மறுபடி ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆகும் மேக்னெட்டோ வண்டியில் கார்புரேட்டரைப் பத்து தடவை கழற்றிக் கழுவுவது வீண். சூட்டில் மேக்னெட்டோவின் கண்டன்சரோ சுருளோ விட்டுப்போகிறது. பெட்ரோலுக்குத் துருப்பிடித்த டேங்கை நம்பாமல் ஒரு சின்ன டப்பாவைத் தனியாகத் தொங்கவிட்டுக் குழாய் கொடுங்கள்.

நான்காம் படி: கழற்றுவது

முதலில் படம். பைக்கைச் சுற்றி முழுசாக ஐம்பது, அப்புறம் ஒவ்வொரு பாகமும் அதன் இடத்தில் இருக்கும்போது, கழற்றும்போது பாதியில், கழற்றிய பின் என்று எடுங்கள். கேபிள்கள் எந்தப் பக்கமாகப் போகின்றன, வயரிங் ஹேண்டிலுக்கு முன்னாலா பின்னாலா, வாஷர் எந்த முகம் வெளியே, செயின் லாக்கின் வாய் எந்தத் திசை, இவையெல்லாம் நினைவில் இருக்கும் என்று நினைப்போம், இருக்காது. ஒருமுறை பின் சக்கரத்தில் ஒரு சின்ன வளையத்தை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் மாற்றிப் போட்டுவிட்டு, செயின் ஏன் பல்சக்கரத்தைத் தின்கிறது என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஜிப் வைத்த பை, உள்ளே ஒரு சீட்டு, "முன் மட்கார்டு, இடப்பக்கம், மேல் போல்ட்" என்று எழுதிப் போடுங்கள். கிழிந்த கேஸ்கட், இற்றுப்போன ரப்பர், அறுந்த கேபிள் எதையும் வேலை முடியும்வரை எறியாதீர்கள். அளவெடுக்க அவைதான் மிஞ்சும்.

ஒரே நாளில் முழு பைக்கையும் பிரிக்காதீர்கள் என்பது என் கண்டிப்பான கருத்து. முன் பகுதியைக் கழற்றி, சுத்தம் செய்து, என்ன வேண்டும் என்று எழுதி, அதற்கான பெட்டியை மூடிய பிறகு அடுத்த பகுதிக்குப் போங்கள்.

கருவிகள் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பழைய பிரிட்டிஷ் பைக்கில் மெட்ரிக் ஸ்பேனர் உட்காராது. விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பேனர் வேண்டும். அதில் எழுதியிருக்கும் எண் நட்டின் அகலம் இல்லை, போல்ட்டின் தடிமன், அதனால் முதலில் எல்லோருக்கும் குழப்பமாகவே இருக்கும். மரையும் கலவையாக இருக்கும்: அலுமினியத்துக்குள் போகிறது விட்வொர்த், மற்ற இடங்களில் பெரும்பாலும் அங்குலத்துக்கு 26 சுற்று உள்ள சைக்கிள் மரை. அறுபதுகளின் கடைசியில் ட்ரையம்பும் பிஎஸ்ஏவும் யூனிஃபைடு மரைக்கு மாற ஆரம்பித்ததால் அந்தக் கால வண்டியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நட் இரண்டு சுற்று கையால் போகவில்லை என்றால் ஸ்பேனர் வைத்து அழுத்தாதீர்கள், அது வேறு மரை. ஜப்பானிய பைக்கில் இன்னொரு தொல்லை: எஞ்சின் கவரில் இருக்கும் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ பார்க்க பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் அது ஜேஐஎஸ், அதாவது ஜப்பானியத் தர அளவு. பிலிப்ஸ் டிரைவர் அதிலிருந்து நழுவி மேலே ஏறித் தலையைச் சிதைக்கும். ஜேஐஎஸ் முனையும், சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவரும் வாங்கிக்கொள்ளுங்கள், முதல் நாளிலேயே காசு திரும்பிவிடும்.

வராத போல்ட்டுக்கு வலிமையைவிடச் சூடு மேல். அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் இரும்பு தளர்ந்துவிடும். பேரிங் எடுப்பதும் போடுவதும் இதே முறைதான்: கேஸை அடுப்பில் 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே கொண்டுபோனால் பழைய பேரிங் தட்டாமலே விழும், ஃபிரீசரில் வைத்த புது பேரிங் கையாலேயே உட்காரும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் கேஸ் விரிசல் விடும்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது கம்ப்ரஸர் காற்றால் தூசி ஊதாதீர்கள். அந்தக் கால ஷூக்களில், கிளட்ச் தட்டுகளில்கூட, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தண்ணீரில் நனைத்துத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

ஐந்தாம் படி: எஞ்சின்

எல்லா எஞ்சினையும் முழுசாகப் பிரிக்க வேண்டியதில்லை. ஓடிப் பார்த்தபோது கீழ்ப்பக்கம் சத்தம் இல்லை, ஆயிலில் துகள் இல்லை என்றால் ஹெட், சிலிண்டர் மட்டும் திறந்து பார்த்து மூடலாம். ஆனால் இரண்டு இடத்தில் விதிவிலக்கு. டூ ஸ்ட்ரோக் என்றால் கிராங்க் சீல்களை மாற்றியே ஆக வேண்டும். நின்று நின்று இறுகிய சீல் வழியாகக் காற்று உள்ளே புகுந்தால் கலவை மெலிந்து, வேகமாகப் போகும்போது பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ட்ரையம்ப், பிஎஸ்ஏ ட்வின் என்றால் கிராங்குக்குள் ஆயில் அழுக்கைச் சேர்த்துவைக்கும் ஒரு குழாய் இருக்கிறது. பல பத்தாண்டு அழுக்கு அங்கே தார் மாதிரி இறுகியிருக்கும். மேலே எல்லாம் புதுசாகப் போட்டுவிட்டு இதைத் திறக்காமல் விட்டால், அழுக்கைக் கரைக்கும் புது ஆயில் அந்தத் தாரை இளக்கி ஆயில் போகும் துளையை அடைத்துவிடும்.

சிலிண்டரை மேலே, நடுவில், கீழே, குறுக்கும் நெடுக்குமாக ஆறு இடத்தில் அளக்க வேண்டும். ரீபோர் போடுவது என்றால் முதலில் பிஸ்டனை வாங்குங்கள், அதைக் கையில் கொடுத்து அதற்கேற்ப லேத்தில் போர் போடச் சொல்லுங்கள். போர் போட்டுவிட்டு பிஸ்டன் தேடுவது தலைகீழ் வேலை. புது ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் நுழைத்து முனை இடைவெளி பாருங்கள்; பொதுவான கணக்கு போரின் ஒவ்வொரு 25 மி.மீ. விட்டத்துக்கும் 0.1 மி.மீ. அதாவது 70 மி.மீ. சிலிண்டருக்கு 0.28 மி.மீ. இடைவெளி இல்லாத ரிங் சூட்டில் முட்டிக்கொண்டு உடையும். வால்வுக்கு பேஸ்ட் போட்டு உருட்டித் தேய்த்ததும் போர்ட்டில் பெட்ரோல் ஊற்றி வையுங்கள், பத்து நிமிடத்தில் வால்வைச் சுற்றி ஈரம் தெரியக் கூடாது.

மணல் பிளாஸ்டிங் பற்றி என் கதையைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் கேஸ் புதுசு மாதிரி ஆக வேண்டும் என்று ஒரு பட்டறையில் கொடுத்தேன், அழகாக வந்தது. மூன்று தடவை கழுவினேன். அப்படியும் ஆயில் ஓடும் துளையின் மூலையில் எங்கோ கொஞ்சம் மணல் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. 200 கிலோமீட்டரில் பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடு கிராங்கில் மாட்டும் இடத்து பேரிங்) போய்விட்டது. இப்போது கேஸுக்குப் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் பொறுமையும்தான், அல்லது தண்ணீரோடு சேர்ந்து வரும் வேப்பர் பிளாஸ்டிங், அதுவும் எல்லா ஆயில் பிளக்கையும் கழற்றித் துளை ஒவ்வொன்றையும் பீய்ச்சிக் கழுவிய பின்தான்.

ஆறாம் படி: டேங்க்

உள்ளே துரு இருந்தால் சிட்ரிக் அமிலம் போதும். வெந்நீரில் ஐந்து முதல் பத்து சதவீதம் கரைத்து நிரப்பி ஒரு நாள் விடுங்கள். ஊற்றிவிட்டுச் சமையல் சோடாத் தண்ணீரில் அலசி, உடனே சூடான காற்றால் உலர்த்தி, உலர்ந்ததும் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றிச் சுற்றிவிடுங்கள். இடையில் சாப்பிடப் போய்விட்டு வந்தால் மறுபடி ஆரஞ்சு நிறத்தில் பூத்திருக்கும்.

துரு தடிமனாக இருந்தால் சலவைச் சோடாத் தண்ணீரில் பேட்டரி சார்ஜர் வைத்து எடுக்கலாம். டேங்குக்கு மைனஸ், நடுவில் எதிலும் படாமல் தொங்கும் இரும்புக் கம்பிக்கு ப்ளஸ். அந்தக் கம்பி எவர்சில்வராக இருக்கவே கூடாது, அதிலிருந்து நச்சுக் குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் இதைத் திறந்தவெளியில், நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள்.

ஓட்டையை அடைக்க வெல்டிங்கோ ஈயமோ வைப்பதானால் அதற்குப் பழகிய ஆளிடமே கொடுங்கள். பல வருடம் காலியாக இருந்த டேங்க்கூட மடிப்புகளில் ஆவியைப் பிடித்து வைத்திருக்கும், வெடிக்கும். உள்பூச்சு போடுவது கடைசி வழிதான். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய பூச்சுகள் தோல் தோலாக உரிந்து கார்புரேட்டரை அடைப்பதைப் பல தடவை சுரண்டியிருக்கிறேன். ஃபைபர்கிளாஸ் டேங்க் என்றால் எத்தனால் அதையே இளக்கிவிடும்.

ஏழாம் படி: வயரிங், சக்கரம், டயர்

பழைய வயரிங்கை ஒட்டுப்போடாமல் புதிதாகவே இழுத்துவிடுங்கள், இதில் மிச்சம் பிடிக்கும் காசு நள்ளிரவில் சாலையோரத்தில் போகும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பலதும் ப்ளஸ் முனை எர்த். பல்புக்கு இது வித்தியாசம் தெரியாது, ஆனால் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரை மாற்றிக் கொடுத்தால் ஒரு நொடியில் கருகும். பெயின்ட் அடித்த ஃபிரேமில் எர்த் வராது, தனியாக ஒரு வயர் ஓடவிடுங்கள்.

ரிம்மைப் பிரிக்கும் முன், ஹப்பின் ஓரத்திலிருந்து ரிம்மின் ஓரம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று நேர்சட்டம் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அது போய்விட்டால் சக்கரம் நடுவில் நிற்காது. டயரில் பூ எவ்வளவு இருக்கிறது என்பதைவிட வயசுதான் முக்கியம்: 2000-க்குப் பிந்தைய டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மூன்று இலக்கம்தான் இருந்தால் அது போன நூற்றாண்டு டயர், காட்சியில் நிற்க வைக்கலாம், ஓட்டக் கூடாது.

எட்டாம் படி: பெயின்டுக்கு முன் ஒரு ஒத்திகை

பெயின்ட் எதற்கும் கொடுக்காமல், வெறும் உலோகத்தோடு, முழு பைக்கையும் ஒருமுறை கட்டுங்கள். மட்கார்டு, டேங்க், சைலன்சர், சீட், விளக்கு, நம்பர் பிளேட் எல்லாம். புதிதாகச் செய்து விற்கும் பாகங்களில் துளைகள் சரியாக உட்காருவது அபூர்வம்; எங்கே அரம் போட வேண்டும், எங்கே வளைக்க வேண்டும், எங்கே வெல்ட் செய்ய வேண்டும் என்பதெல்லாம் இப்போது தெரியும். புது பெயின்ட் அடித்த மட்கார்டில் துளை போடும்போது வரும் வயிற்றெரிச்சல் இருக்கிறதே, அது யாருக்கும் வேண்டாம். ஒத்திகை முடிந்து எல்லாம் பொருந்திய பிறகு திரும்பப் பிரித்து பெயின்டுக்கும் குரோமுக்கும் அனுப்புங்கள். இரட்டை வேலை என்று தோன்றும், உண்மையில் நேரம் மிச்சம்.

ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் உறுதியானது, ஆனால் தடிமனானது. எண் பொறித்த இடத்தையும் மரைகளையும் மறைத்துவிட்டுத்தான் அடிக்கச் சொல்ல வேண்டும். ஒரிஜினல் வழிதான் வேண்டும் என்றால் கறுப்பு எனாமல். பவுடரின் பிளாஸ்டிக் பளபளப்பை நடுவர்கள் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார்கள். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் டூ பேக் பெயின்டில் ஐசோசயனேட் என்ற நச்சு இருக்கிறது, சாதாரண முகமூடி அதைத் தடுக்காது, வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாமல் வீட்டில் அடிக்காதீர்கள்.

குரோமின் அழகு குரோமில் இல்லை, அதற்கு அடியில் இருக்கும் செம்பிலும் நிக்கலிலும், அதற்கும் அடியில் இரும்பைத் தேய்த்த தேய்ப்பிலும்தான் இருக்கிறது. குழிகள் இருந்தால் குரோம் அவற்றை இன்னும் எடுத்துக் காட்டும். கடினப்படுத்திய போல்ட், ஸ்பிரிங் போன்றவற்றுக்கு முலாம் பூசினால் ஹைட்ரஜன் உள்ளே போய் இரும்பு நொறுங்கும் தன்மைக்கு மாறும். பூசியதும் சில மணி நேரம் 200 டிகிரி சுற்றில் அடுப்பில் வைத்து எடுக்கத் தெரிந்த இடத்தில் மட்டும் கொடுங்கள். ஃபோர்க்கைப் பிடிக்கும் போல்ட்டை அழகுக்காகக் குரோம் பண்ணி ஓட்டுவது எனக்குப் புரியவே இல்லை.

மாற்றிக் கட்டுகிறவர்களுக்கு

கஃபே ரேசர் என்பது ஐம்பது, அறுபதுகளில் லண்டனின் ஏஸ் கஃபே மாதிரி இடங்களில் கூடிய பையன்கள் வேகத்துக்காகச் செய்தது. நார்ட்டனின் ஃபெதர்பெட் ஃபிரேமில் ட்ரையம்ப் எஞ்சினை வைத்த ட்ரைட்டன் அதன் உச்சம்: வளைவுகளில் நன்றாகத் திரும்பும் ஃபிரேம் ஒன்றிலிருந்து, வேகத்தை ஏற்றிவிட எளிதான எஞ்சின் இன்னொன்றிலிருந்து. பாபர் என்றால் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் மட்கார்டை வெட்டி, தேவையில்லாத எடையைக் கழற்றியது. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. இன்றைக்கு நடப்பதோ, ஓடிக்கொண்டிருந்த பைக்கை ஓட முடியாத பைக்காக மாற்றுவது.

நடைமுறையாகச் சில. வேக்குவம் (வெற்றிடம்) இழுத்து நகரும் பிஸ்டன் உள்ள கார்புரேட்டரில் ஏர் பாக்ஸைக் கழற்றிக் கூம்பு ஃபில்டர் போட்டால் நடு வேகத்தில் திக்கித் திணறும், ஜெட் மாற்றுவதோடு முடியாது. சைலன்சரில் சுற்றும் துணி ஈரத்தைப் பிடித்துவைத்துக் குழாயை வெளிப்புறத்திலிருந்து அரிக்கும். ஃபோர்க்கைக் கிளாம்பில் மேலே ஏற்றி முன்பக்கத்தைத் தாழ்த்தினால் ஸ்டியரிங் துறுதுறுவென்று ஆகும், கூடவே முழுசாக அமுங்கும்போது மட்கார்டு எங்கே போய் முட்டும் என்பதை ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் கையால் அமுக்கிப் பாருங்கள். பின் ஃபிரேமை வெட்டுகிறீர்கள் என்றால் ஷாக் அப்சார்பர் பிடிக்கும் இடத்துக்குப் பின்னால் மட்டும். முடிந்தால் வெட்டாமல் போல்ட்டில் மாட்டும்படி செய்யுங்கள், கழற்றிய ஒரிஜினல் பாகங்களைப் பெயர் எழுதி வைத்திருங்கள்.

ஒன்பதாம் படி: முதல் ஓட்டம்

பிளக் இல்லாமல் உதைத்து உதைத்து ஆயில் மேலே திரும்பி வருகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே ஸ்டார்ட். ஸ்டார்ட் ஆனதும் நிறுத்தி வைத்து அரை மணி ஐடிலில் விடுவது பழைய பழக்கம், தப்பான பழக்கம். காற்று படாமல் சூடேறும், ரிங்கும் படியாது. சில நிமிடத்தில் சாலைக்கு எடுத்துப் போய், திராட்டிலைக் கொஞ்சம் கொடுத்து, கொஞ்சம் விட்டு, ஏற்ற இறக்கமாக ஓட்டுங்கள், உயர் கியரில் முக்க வைக்காதீர்கள். 50 கிலோமீட்டரில் ஆயில் மாற்றம், எல்லா நட்டையும் மறுபடி ஒரு சுற்று, ஹெட் போல்ட்டை ஆறிய பின். நாலு ஸ்பேனரும் ஒரு பிளக்கும் பையில் இல்லாமல் முதல் 500 கிலோமீட்டர் எங்கும் போகாதீர்கள்.

பத்தாம் படி: காட்சிக்குக் கொண்டுபோவது

எந்தப் பிரிவில் நிறுத்தப் போகிறீர்கள் என்பதை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் பழையது என்பதற்கு ஒவ்வொருவரும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பன்னாட்டு அமைப்பான ஃபீவாவுக்கு 30 வருடம். பிரிட்டனில் 1946-ல் தொடங்கிய விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்புக்கு 25 வருடம். 1954-ல் தொடங்கிய அமெரிக்காவின் ஆன்டிக் மோட்டார் சைக்கிள் கிளப்புக்கு 35. தெற்கு இங்கிலாந்தில் நடக்கும் பயனியர் ரன் என்ற பழைய பைக் ஓட்டத்தில் 1915-க்கு முந்தைய வண்டிகளுக்குத்தான் இடம். மேட்டுக்குடி கார் காட்சிகளும் பைக்குக்கு இடம் கொடுக்க ஆரம்பித்தன, அமெரிக்காவின் பெபிள் பீச்சில் 2009-ல், இத்தாலியின் வில்லா டி'எஸ்தேயில் 2011-ல்.

அமெரிக்கக் கிளப்பின் முறையில் பைக் 100 மதிப்பெண்ணோடு உள்ளே வருகிறது, தவறுக்குத் தவறு குறைத்துக்கொண்டே போவார்கள். அளவுகோல் ஒன்றே ஒன்று: தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எப்படி இருந்தது. அழகாக இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. 1959-ல் வந்த முதல் ட்ரையம்ப் போனவில்லில் முன்விளக்கு ஃபோர்க்கோடு சேர்ந்த கூட்டுக்குள் இருந்தது, 1960-ல் தனி விளக்காக மாறியது. 1959 வண்டியில் தனி விளக்கு எவ்வளவு மின்னினாலும் மதிப்பெண் போகும். 1969-ன் ஆரம்ப ஹோண்டா சிபி 750-களை மணல் வார்ப்பு வண்டிகள் என்பார்கள், உண்மையில் அது மணல் வார்ப்பு இல்லை, கேஸின் மேல்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும் அவ்வளவுதான். அந்தச் சொரசொரப்புக்குத்தான் அத்தனை மதிப்பு, அதைப் போய் பாலிஷ் போட்டு வழவழப்பாக்கிவிட்டு வந்து நிற்கிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கும். தொழிற்சாலையில் வெறும் துத்தநாகப் பூச்சோடு வந்த போல்ட்டுக்கு எவர்சில்வர் போல்ட் போடுவதும் இதே கதை.

பழைய பட்டியல், சர்வீஸ் புத்தகம், மீட்டெடுத்தபோது எடுத்த படங்கள், எண் சான்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். நடுவர் சந்தேகப்பட்டால் வாதாடாமல் பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம். வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது டேங்கில் கொஞ்சம்தான் பெட்ரோல் இருக்கட்டும், பட்டையை ஹேண்டில்பாரில் கட்டாமல் கீழ்க் கிளாம்பில் கட்டுங்கள், பெயின்டில் படும் இடத்தில் மெத்தென்று துணி. திடலில் நிறுத்தினதும் ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு பலகை, புல்தரை என்றால் மதியத்துக்குள் ஒரு பக்கம் இறங்கிவிடும்.

அடியில் ஒரு தட்டும் வையுங்கள். சொட்டும். பார்க்க வருகிறவர்களில் ஒருவராவது குனிந்து அந்தத் தட்டைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார், பெரும்பாலும் வீட்டில் அதே மாதிரி ஒரு பைக் வைத்திருப்பவராக இருப்பார். உங்களுக்குக் கிடைக்காத அந்தச் செயின் கவர் அவரிடம் இருக்கலாம், விசாரித்து வையுங்கள்.